புழுங்கல் அரிசியிலிருந்து அடுக்குமாடி வரை: கோலாலம்பூரில் பொதுச் சுகாதார ஆய்வும் மக்களின் பங்கும்

1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையின் சாப்பாட்டுக் கொட்டகையில், அங்கிருந்த நோயாளிகள் அனைவரும் வரிசையாக நிறுத்தப்பட்டு, இடப்புறத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப்பட்டார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குக் கூடத்திற்கும், இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்குக் கூடத்திற்கும் அனுப்பப்பட்டார்கள். இரண்டு கூடங்களும் ஒரே அமைப்பில் கட்டப்பட்டவை. கறியும் காயும் உப்பும் இரு பக்கமும் ஒன்றே. அரிசி மட்டும்தான் வேறு. கிழக்கில் இருந்தவர்களுக்குச் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியும், மேற்கில் இருந்தவர்களுக்கு வங்காளத்திலிருந்து வந்த புழுங்கல் அரிசியும் கொடுக்கப்பட்டன.

சோதனையை நடத்தியவர் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற அரசாங்க மருத்துவர். அக்காலத்தில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த பெரிபெரி நோய்க்குக் காரணம் என்ன என்பதே கேள்வி. கால்கள் வீங்கி, நரம்புகள் செயலிழந்து, இறுதியில் இதயம் நின்றுபோகும் இந்த நோயை ஒரு தொற்று என்றுதான் பலரும் நம்பினார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கணக்கைப் பார்த்தபோது, பச்சரிசி உண்ட 120 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்குப் பெரிபெரியால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் காணப்பட்டது. அவர்களும் மருத்துவமனைக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். கட்டடத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, இடையில் இரு குழுவினரையும் கூடம் மாற்றிப் பார்த்தும் முடிவு மாறவில்லை.

இந்தச் சோதனைக்கு முன்பே ஒரு கவனிப்பு இருந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பணிபுரிந்த மருத்துவர் லியனார்ட் பிராடன், ஒரே வட்டாரத்தில், ஒரே வெயிலில், ஒரே ஈரத்தில் உழைக்கும் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரியால் சாகும்போது தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள் என்பதைக் கண்டு, இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை அவர்களுடைய சோற்றுப் பானையில் தேடினார்: சீனர்கள் உண்டது பச்சரிசி, தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தும் புழுங்கல் முறையில், தவிட்டை ஒட்டியுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் என்ற வைட்டமின் சத்து அரிசி மணிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பச்சரிசியை வெள்ளையாகத் தீட்டும்போதோ அது தவிட்டோடு போய்விடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே 1912க்கு முன் கிடையாது. ஆனால் அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே, இந்த நகரில், நம்முடைய ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஒரு சமையல் பழக்கம் ஓர் உலகப் புதிருக்கு விடை காட்டிவிட்டது. 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃப்ரேசரும் ஸ்டான்டனும் அடுத்த சில ஆண்டுகளில் ஜெலுபுவில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதையே மீண்டும் சோதித்து உறுதிப்படுத்தினார்கள்.

பொதுச் சுகாதார ஆய்வில் மக்கள் பங்கேற்பு என்று இன்று பேசப்படுவதை விளக்க நூறாண்டுக்கு முந்தைய கதையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. விடைக்கான தடயம் தொழிலாளர்களின் அடுப்படியில் இருந்தது. அதை அவர்களிடம் போய்க் கவனித்தவர்தான் கண்டார். அதே வேளையில், அந்தச் சாப்பாட்டுக் கொட்டகையில் எண்ணப்பட்டவர்களிடம் ‘உங்களை இப்படிப் பிரிக்கப் போகிறோம், சம்மதமா?’ என்று எவரும் கேட்கவில்லை. இறந்த 18 பேரின் குடும்பங்களுக்கு எந்த அரிசியால் அவர்கள் இறந்தார்கள் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மக்களிடமிருந்து அறிவை எடுத்துக்கொள்ளும் ஆய்வு, அந்த மக்களைக் கணக்கில் கொள்ளாமலே நடந்து முடிந்தது.

இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. சுகாதார அமைச்சின்கீழ் ஆய்வு நெறிமுறைக் குழு இயங்குகிறது. மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகள் பதிவு செய்யப்படுகின்றன. ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்காமல் ஒரு துளி இரத்தமும் எடுக்க முடியாது. ஆனால் ஒப்புதல் வேறு, கூட்டு வேறு. வேறொருவர் தீர்மானித்துவிட்ட கேள்விக்கு உடன்படுவது ஒப்புதல். எந்தக் கேள்வியைக் கேட்பது, யாரைக் கொண்டு கேட்பது, கிடைத்த விடையை யாரிடம் சொல்வது என்பதில் குடியிருப்பவர்களுக்கும் ஒரு குரல் இருப்பது கூட்டு. இந்த இரண்டாவது இல்லாமல் போனால் ஆய்வின் நாகரிகம் மட்டும் குறைவதில்லை, அதன் துல்லியமே குறைகிறது என்பது என் கருத்து.

நீரிழிவை எடுத்துக்கொள்வோம். 1986இல் தொடங்கிய தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வு, நாட்டின் சுகாதாரத்தை அளக்கும் முதன்மையான கருவி. 2015ஆம் ஆண்டு ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர்களில் 17.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களிடையே அது 22.1 விழுக்காடு. 2019இல் நாட்டின் அளவு 18.3 விழுக்காடாக உயர்ந்தபோது, இந்தியர்களின் அளவு 31.4 விழுக்காட்டை எட்டியது. அந்த 18.3 விழுக்காட்டில் ஏறத்தாழப் பாதி, அதாவது 8.9 விழுக்காட்டினர், தங்களுக்கு நீரிழிவு இருப்பதையே அறியாதவர்கள்.

நம் கூட்டங்களில் இந்த 31.4 என்ற எண் ஒரு தீர்ப்பைப் போலவே வாசிக்கப்படுகிறது. ‘இந்தியர்களுக்கு இனிப்பு நீர் வரத்தான் செய்யும்’ என்று சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். இன வாரியான விழுக்காடு எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டுமே காட்டுகிறது. ஏன் என்று அது சொல்வதில்லை. பரம்பரைக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் தோட்டத்தில் நாள் முழுவதும் உடலால் உழைத்த குடும்பம் தோட்டம் விற்கப்பட்டதும் நகரத்திற்கு வந்து, அப்பா பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலையில் நாற்காலியில் அமர்ந்து, அம்மா இரவு வேலை முடித்து விடியற்காலையில் கடையில் வாங்கிய ரொட்டி சானாயோடு படுக்கப்போகும் வாழ்க்கைக்கு எவ்வளவு பங்கு? இதை அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசாமல் எந்தப் புள்ளிவிவரமும் பிரித்துக் காட்டாது.

பேசினாலும், எப்படிக் கேட்கிறோம் என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கோலாலம்பூரின் வடபகுதியில் உள்ள ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வு ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். ஏறத்தாழ ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். ஒரு நாளில் எத்தனை தேக்கரண்டி சீனி சேர்த்துக்கொள்கிறீர்கள் என்பது படிவத்தில் இருந்த கேள்வி. ‘சீனியே போடறதில்ல தம்பி. டாக்டர் சொன்னதுலேர்ந்து நிறுத்திட்டேன்’ என்றார். படிவத்தில் பூச்சியம் எழுதினேன். பேச்சு முடிவதற்குள் எங்களுக்குத் தேநீர் கலக்கி வந்தார். கண்ணாடிக் குவளையின் அடியில் டின் பால் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. தானும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று அப்படித்தான் குடிப்பதாகச் சொன்னார். ‘இதில் சீனி இருக்கிறதே’ என்றதற்கு, ‘இது பால்தானே’ என்றார், மெய்யாகவே வியந்து. படிவத்தைப் புரட்டினால் பாலுக்குத் தனிக் கட்டம் இருந்தது. அது சத்துள்ள உணவுகளின் பட்டியலில் இருந்தது. அவர் குடித்த சீனி முழுவதும் நல்ல உணவின் கணக்கில் ஏறியிருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: ‘சீனி எத்தனை கரண்டின்னு கேக்காதீங்க. தேயா, தே ஓவா, தே ஓ கோசோங்கான்னு கேளுங்க. எல்லாருக்கும் தெரியும்.’ டின் பால் கலந்தது தே, பால் இல்லாமல் சீனி மட்டும் போட்டது தே ஓ, இரண்டும் இல்லாதது கோசோங். இந்த நகரில் எந்த மொழி பேசுபவருக்கும் இந்த மூன்றும் அத்துப்படி. பல மாதங்கள் உழைத்துத் தயாரிக்கப்பட்ட ஒரு படிவத்தின் ஓட்டையை அடைப்பதற்கு அந்த அக்காவுக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. கேள்விகளை எழுதும் நாளிலேயே அவர் மேசையில் உட்கார்ந்திருந்தால், அதற்குள் பூர்த்தியாகிவிட்ட படிவங்கள் பிழையோடு போயிருக்காது. பிழை மொழிபெயர்ப்பிலும் இல்லை, அந்த அம்மாவின் நேர்மையிலும் இல்லை. கேள்வியை எழுதிய அறையில் அடுப்படியைத் தெரிந்தவர் எவரும் இல்லை என்பதில்தான் இருந்தது.

அந்த அடுக்குமாடி போன்ற இடங்கள்தான் இன்று இந்த நகரின் சுகாதார ஆய்வு நடக்க வேண்டிய களம். புறம்போக்கு வீடுகளிலிருந்தும் தோட்ட லயங்களிலிருந்தும் இடம் பெயர்க்கப்பட்டவர்களில் பலர் பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்டக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். சுமார் 700 சதுர அடி, மூன்று படுக்கையறைகள், மாத வாடகை 124 ரிங்கிட். யூனிசெஃப் 2018இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரிலும் அருகிலுள்ள பெட்டாலிங் ஜெயாவிலும் இத்தகைய 17 மலிவு விலைக் குடியிருப்புகளில் 966 குடும்பங்களையும் 2,142 பிள்ளைகளையும் ஆராய்ந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாகவும், 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். அதே குடியிருப்புகளில் சுமார் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். நூற்றில் 12 பிள்ளைகள் நாளுக்கு மூன்று வேளைக்கும் குறைவாகச் சாப்பிட்டார்கள். நாட்டின் தலைநகரிலும் அதன் அருகிலும், இரட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் மாடிகளில் கிடைத்த எண்கள் இவை. பசியும் பருமனும் ஒரே மாடியில் குடியிருப்பது முரண் போலத் தோன்றலாம். கையில் இருக்கும் பத்து ரிங்கிட்டில் ஐந்து பேரின் வயிறு நிறைய வேண்டும் என்றால் மாவும் எண்ணெயும் சீனியும்தான் வாங்க முடியும் என்பதை அங்குள்ள எந்தத் தாயும் விளக்கிச் சொல்வார்.

இங்கே கூட்டு வைத்துக்கொள்வது யாரோடு என்ற கேள்வி எழுகிறது. இதை எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் குடியிருப்பாளர் சங்கத் தலைவரையோ, ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் அமைப்பின் பொறுப்பாளரையோ, கோயில் நிர்வாகத்தையோதான் முதலில் பார்க்கிறார்கள். கதவு திறக்க அவர்கள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைவரைச் சந்தித்துவிட்டாலே மக்களைச் சந்தித்துவிட்டதாக ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்த்தளப் பொது மண்டபத்தில் நடக்கும் பரிசோதனைக்கு வருபவர்கள் ஓய்வு பெற்றவர்களும் ஏற்கெனவே கிளினிக்குப் போய்க்கொண்டிருப்பவர்களும்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகும் காவலாளி, மின்தூக்கி பழுதானால் பதினான்காவது மாடியிலிருந்து இறங்க முடியாத பாட்டி, கணவனுக்குத் தெரியாமல் வர முடியாத இளம்பெண் ஆகியோரே ஆய்வுக்கு மிகவும் தேவையானவர்கள், அவர்களே வராதவர்கள். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான் என்றாலும், அரை நாள் சம்பளத்தை இழந்து வருபவருக்கு அது ஒரு ரிங்கிட் அல்ல. 40 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசப் பரிசோதனை தரும் பெக்கா பி40 திட்டத்தைப் பற்றியும் இதையே சொல்லலாம்: பரிசோதனை இலவசம், அதற்கான நேரம் இலவசமில்லை. இந்த நேரக் கணக்கைக் குடியிருப்பவர்கள் சொல்லித்தான் ஆய்வாளர் அறிய முடியும்.

டிங்கி எனப்படும் டெங்குக் காய்ச்சலின் வரலாறு வேறு வகையான பாடம். இந்நாட்டில் டிங்கி பற்றிய முதல் மருத்துவப் பதிவு 1902இல் பினாங்கிலிருந்து வந்தது; இரத்தக் கசிவு டிங்கியும் 1962இல் பினாங்கில்தான் முதலில் அறியப்பட்டது. நகரம் வளர வளர நோயும் வளர்ந்தது. 2019இல் மட்டும் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி; 182 பேர் இறந்தார்கள். புகை அடிப்பதும், ஏடிஸ் கொசு உற்பத்தியாகும் வீடுகளுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிப்பதும் பழைய வழிகள். இவை தேவையானவையே, ஆனால் அபராதத்துக்கு அஞ்சும் வீடு ஆய்வாளருக்கும் கதவைத் திறப்பதில்லை.

2017இல் மருத்துவ ஆய்வுக் கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து, வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களைக் கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியும் உள்ள சில குடியிருப்புகளில் விடத் தொடங்கியது. கெராமாட் வட்டாரமும் அவற்றில் ஒன்று. இந்த பாக்டீரியா கொசுவின் உடலுக்குள் டிங்கிக் கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. தாய்க் கொசுவிடமிருந்து முட்டைக்குப் போய், நாளடைவில் அந்த வட்டாரத்துக் கொசுக்களிடையே நிலைத்துவிடுகிறது. நம் நாட்டு வெப்பத்தைத் தாங்கும் வகை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2019இல் வெளியான முடிவுகள், கொசு விடப்பட்ட இடங்களில் டிங்கி நோய் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாகக் காட்டின.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சமூக வேலையைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். கொசுவை ஒழியுங்கள் என்று பல தலைமுறைகளாகச் சொல்லிவந்த அரசாங்கம், இப்போது வாரந்தோறும் கொசுவைக் கொண்டுவந்து விடுகிறது. அவற்றில் கடிக்கும் பெண் கொசுக்களும் உண்டு. மாடிப்படியில் ஒருவர் கொசுக் குவளையைத் திறக்கும்போது, அதைப் பார்க்கும் தாய்க்கு என்ன தோன்றும்? ஏன், எதற்கு, எத்தனை வாரம், பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்வது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் அவளுக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே பதில் சொல்லியிருந்தால்தான், அவள் கொசு மருந்து டப்பாவை எடுக்காமல் இருப்பாள். எடுத்து அடித்துவிட்டால் ஆய்வு அந்த மாடியில் முடிந்துபோகும். இங்கே மக்களின் சம்மதம் தொழில்நுட்பத்தின் ஒரு பாகமாகவே ஆகிவிடுகிறது.

நம்பிக்கை என்ன செய்ய முடியும் என்பதற்குக் கோலாலம்பூரின் சௌக்கிட் வட்டாரம் சாட்சி. 2002இல் மலேசியாவில் 6,978 புதிய எச்ஐவி தொற்றுகள் பதிவாயின. பெரும்பான்மை ஊசி வழி போதைப் பழக்கத்தால் வந்தவை. 2005இல் போதைப் பொருளுக்குப் பதிலாகத் தரப்படும் மெத்தடோன் என்ற மாற்று மருந்தும், 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கின. சௌக்கிட்டின் பின்சந்துகளில் ஊசி எடுத்துப் போய்க் கொடுத்தவர்களில் பலர், அதே சந்துகளில் ஒரு காலத்தில் போதையோடு வாழ்ந்தவர்கள். எங்கே, எந்த நேரத்தில், யாரிடம் போக வேண்டும் என்பது எந்த மருத்துவக் கல்லூரியும் சொல்லித்தராத அறிவு; அதை அவர்கள் கொண்டுவந்தார்கள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் எய்ட்ஸ் ஆய்வுக்கென அமைந்த மையம் அறிவியலைக் கொண்டுவந்தது. புதிய தொற்றுகளில் ஊசியால் வருபவற்றின் பங்கு அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒற்றை இலக்க விழுக்காட்டுக்கு இறங்கியது.

அதே நம்பிக்கை எவ்வளவு விரைவில் உடையும் என்பதற்குச் சௌக்கிட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய மஸ்ஜித் இந்தியா வட்டாரம் சாட்சி. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், கோவிட் பரவலால் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்கள் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ் பேசுபவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆவணமில்லாதவர்கள் பரிசோதனைக்கு வந்தால் பிடிக்க மாட்டோம் என்று மார்ச் மாதத்தில் அரசாங்கம் சொல்லியிருந்தது. பரிசோதனைகள் முடிந்து, மே 1ஆம் தேதி, அதே வட்டாரத்தில் குடிநுழைவுச் சோதனை நடத்தப்பட்டு நூற்றுக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அந்தத் தெருக்களில் அதற்குப் பிறகு ஒரு சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவர் எதை நினைத்துக்கொள்வார்? பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நம்பிக்கையை வேறொரு துறை ஒரே காலையில் செலவழித்துவிட்டது. ஆய்வாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவரிடம் கொடுத்த பெயரும் கதவு எண்ணும் வேறெங்கும் போகாது என்ற உறுதி சட்டத்தாலும் நடைமுறையாலும் காக்கப்படாவிட்டால் கூட்டு என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

முடிவுகளைத் திருப்பித் தருவது பற்றியும் சொல்ல வேண்டும். நான் போயிருந்த அந்த வீட்டு அம்மா, தேநீர்க் குவளையை வாங்கிக்கொண்டே இன்னொன்றும் கேட்டார்: ‘போன வருசமும் வந்து இரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. அதுல என்ன வந்துச்சுன்னு யாருமே சொல்லலையே?’ வேறொரு குழு அது. அவர்களுடைய முடிவு ஏதோ ஓர் ஆங்கில இதழில் அச்சாகியிருக்கலாம். அவருக்கு வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை. மறுமுறை அவர் கதவைத் திறந்தது அவருடைய பெருந்தன்மை; ஆய்வுத் திட்டங்கள் அந்தப் பெருந்தன்மையை நம்பி எழுதப்படக் கூடாது.

மாற்று வழி நாட்டிலேயே இருக்கிறது. மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் ஜொகூரின் சிகாமட்டில் தொடங்கிய சமூக ஆய்வு நிலையம், உள்ளூர் ஆட்களையே தகவல் சேகரிப்பவர்களாக அமர்த்தி, ஒரே மக்களோடு ஆண்டுக்கணக்கில் தொடர்பு வைத்திருக்கிறது. சிகாமட் சிறிய ஊர். அங்கே குடும்பங்கள் ஒரே வீட்டில் நீண்ட காலம் இருக்கின்றன. கோலாலம்பூர் அடுக்குமாடியில் வாடகைக்கு வருபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் செய்யக்கூடியவை உண்டு. இரண்டு, மூன்று ஆண்டு மானியத்தில் முடியும் ஆய்வு, கடைசி மூன்று மாதங்களை எழுதுவதற்கு ஒதுக்குவதுபோல முதல் மூன்று மாதங்களைக் கேள்விகளைக் குடியிருப்பவர்களோடு அமைப்பதற்கு ஒதுக்கலாம். நேர்காணல் செய்பவர்களாக அந்தக் கட்டடத்துப் பெண்களையே பயிற்றுவித்து, தன்னார்வம் என்று சொல்லி நழுவாமல், முறையான சம்பளம் கொடுக்கலாம். முடிவை ஒரு பக்கத்தில் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சிட்டு அதே பொது மண்டபத்தில் வாசிக்கலாம். மின்னல் எஃப்எம் தமிழ் வானொலியில் அரைமணி நேரம் பேசலாம். தனி ஒருவரின் இரத்தச் சர்க்கரை அளவை மூடிய உறையில் அவர் கையிலேயே கொடுத்து, உயர்ந்திருந்தால் எந்தக் கிளினிக்கில் எந்த நாளில் தாதியைப் பார்க்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதிவிடலாம். இவற்றுக்கு ஆகும் செலவு இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. ஆனால் மானிய விண்ணப்பத்தில் இதற்கென ஒரு வரி இருப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.